ஒந்தீனா ஊரில் தங்கிய பன்னிரண்டு வருடங்கள்

ஒந்தீனாவின் மாமியாருக்கு இடது காலில் ஆறாத புண். செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் நான் போய்க் கட்டைப் பிரித்து, புண்ணைக் கழுவி, மருந்து வைத்துக் கட்டிவிட்டு வருவேன். 1948ஆம் வருடம் தொடங்கிய வேலை அது. எனக்கு இருபத்திரண்டு வயது. நர்ஸ் பயிற்சி முடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வீடு பழைய நகரத்தின் மேட்டுப் பக்கம், மூன்றாவது மாடியில். படியேறி மூச்சு வாங்க நிற்கும்போதே உள்ளிருந்து கிழவியின் குரல் வரும்.

“அக்கரைக்காரி வந்துட்டா. கதவைத் திற. கையைக் கழுவினாளான்னு பாரு.”

“கழுவிட்டுத்தாம்மா வந்தேன்.”

“எந்தத் தண்ணியில?”

“ஆத்துத் தண்ணிதான். ரெண்டு கரைக்கும் ஒரே ஆறு.”

“உங்க பக்கம் கொஞ்சம் கலங்கலா இருக்கும்.”

எங்கள் ஊரை இத்தாலிய மொழி பேசுகிறவர்கள் ஃபியூமே என்பார்கள், நாங்கள் ரியேக்கா என்போம். ஆற்றுக்குக் கிழக்கே இருக்கும் சுஷாக் நான் பிறந்த இடம். பதினேழு வருடம் அந்த ஆறுதான் இரண்டு நாடுகளுக்கு எல்லையாக இருந்தது. பாலத்தின் ஒரு முனையில் இத்தாலியப் போலீஸ், மறு முனையில் யூகோஸ்லாவியப் போலீஸ், நடுவில் முதுகில் பால் தூக்கி வரும் மலையூர்ப் பெண்கள். நான் போன காலத்தில் எல்லை போய்விட்டது. இரண்டு கரையும் யூகோஸ்லாவியா ஆகிவிட்டது. கிழவி மட்டும் பாலத்தை விடவில்லை.

கிழவியின் பெயர் ஜிசெல்லா. ஹங்கேரிய ஆட்சியில் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள். அதற்குப் பிறகு அவள் வீடு மாறவில்லை, நாடு மாறிக்கொண்டே இருந்தது. முதல் உலகப் போர் முடிந்ததும் ஹங்கேரி போயிற்று. ஒரு கவிஞர் சிப்பாய்களோடு வந்து ஊரைப் பிடித்துக்கொண்டு, ஒரு வருடத்துக்கு மேல் பால்கனியில் நின்று பேசினார். கப்பலிலிருந்து குண்டு போட்டு அவரைக் கிளப்பினார்கள். அப்புறம் கொஞ்ச காலம் இந்த ஊரே ஒரு தனி நாடு. அப்புறம் இத்தாலி. அப்புறம் ஜெர்மன் படை. அவர்கள் போகும்போது துறைமுகத்தை வெடிவைத்துத் தகர்த்துவிட்டுப் போனார்கள். 1945 மே மாதம் யூகோஸ்லாவியா.

புது அரசு வரும்போதெல்லாம் சன்னலில் அதன் கொடி தொங்க வேண்டும். தொங்காத வீட்டைக் கீழேயிருந்து யாராவது பார்த்து வைத்துக்கொள்வார்கள். ஹங்கேரிக் கொடியில் சிவப்பு, வெள்ளை, பச்சைப் பட்டைகள் படுக்கையாக இருக்கும். இத்தாலி வந்தபோது ஜிசெல்லா புதுத் துணி வாங்கவில்லை. பழைய கொடியில் கம்பு மாட்டும் காதுகளைப் பிரித்து வேறு ஓரத்தில் தைத்து, திருப்பித் தொங்கவிட்டாள். அதே மூன்று நிறம் நெடுக்காக நின்றது. இத்தாலிக் கொடி ஆகிவிட்டது. தெருவில் பாதி வீடுகள் அப்படித்தான் செய்தன. 1945இல்தான் மாட்டிக்கொண்டாள்.

“பச்சையை நீலம் ஆக்கணுமாம். நடுவுல நட்சத்திரம் வேற. நான் என்ன சாயக்காரியா?” என்று என்னிடம் கேட்டாள், நானே அந்தக் கொடியை வடிவமைத்த மாதிரி.

ஒந்தீனாவைப் பற்றி எழுத உட்கார்ந்து மாமியாரைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த வீட்டில் எப்போதும் அப்படித்தான். ஒருத்தி பேசுவாள், இன்னொருத்தி வேலை செய்வாள்.

ஒந்தீனா 1912இல் பிறந்தவள். அப்பா மலையூரிலிருந்து இறங்கி வந்த குரோவேசியர், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அம்மா புகையிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஃபியூமேக்காரி. அப்பாவிடம் ஒரு மொழி, அம்மாவிடம் ஒரு மொழி, பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்பில் ஹங்கேரிய மொழியில் பத்து வரை எண்ணக் கற்றாள். இரண்டாம் வகுப்புக்குப் போகும்போது அந்தப் பத்தும் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள். டார்பிடோ தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த எஜீடியோவை 1935இல் கட்டிக்கொண்டாள். குழந்தை இரண்டு முறை கருவிலேயே போயிற்று. நான் பார்த்தபோது முப்பத்தாறு வயது. நல்ல உயரம், அகலமான கை, பேச்சு குறைவு. வீட்டில் எந்தப் பொருள் எந்த அலமாரியில் எத்தனையாவது தட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்.

போர் முடிந்தபின் போட்ட சமாதான உடன்படிக்கையில் ஒரு ஏற்பாடு இருந்தது. வீட்டில் இத்தாலிய மொழி பேசுகிறவர்கள் விண்ணப்பம் போட்டு இத்தாலிக்குப் போகலாம், சாமான்களையும் கொண்டு போகலாம். தெருத் தெருவாகப் போனார்கள். மரப்பெட்டி அடிக்கும் சத்தம் காலையிலிருந்து கேட்கும். எஜீடியோவும் ஒந்தீனாவும் விண்ணப்பித்தார்கள். ஜிசெல்லா கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். எல்லாரும் அவளைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம், கடைசி நேரத்தில் சம்மதிப்பாள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

பதில் வந்தது. எஜீடியோவுக்கு அனுமதி. ஒந்தீனாவுக்கு இல்லை. அப்பா பிறந்த மலையூரைப் பார்த்துவிட்டு, நீ இத்தாலியக்காரி இல்லை என்று தீர்த்துவிட்டார்கள். அப்போது பல குடும்பங்களில் இப்படி நடந்தது. மேல்முறையீடு செய்தால் சரியாகிவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள். தேதி தவறினால் எஜீடியோவின் அனுமதியும் போய்விடும். அதனால் அவன் முதலில் சாமான்களோடு போவது, இவள் பின்னால் வருவது என்று முடிவாயிற்று.

இங்கேதான் ஒந்தீனாவின் சுத்தமான வேலை அவளுக்கே வினையாயிற்று. கொண்டு போகும் சாமான்களுக்குப் பட்டியல் எழுதி முத்திரை வாங்க வேண்டும். பட்டியலில் இல்லாத எதுவும் போகக் கூடாது. மற்றவர்கள் பத்துப் பதினைந்து பொருள் எழுதினார்கள். இவள் தானும் மாமியாரும் சேர்ந்தே போகப் போகிறோம் என்ற நினைப்பில், மறுப்பு வருவதற்கு முன்பே, காபி அரைக்கும் இயந்திரம், துணி காயப்போடும் கயிறு, கதவுக்குப் பின்னால் இருந்த கொக்கி உட்பட வீட்டையே எழுதி முத்திரை வாங்கி வைத்திருந்தாள்.

1949 பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை. நான் கிழவியின் காலில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். சாமான் சரிபார்க்க ஓர் அதிகாரி வந்தார். இளைஞர், சளி பிடித்திருந்தது. பட்டியலைப் படித்துக்கொண்டே ஒவ்வொன்றாக டிக் போட்டார். படுக்கையறைக்கு வந்தார்.

“கட்டில், வால்நட் மரம், ஒண்ணு. கம்பளி மெத்தை, ஒண்ணு.” நிமிர்ந்து பார்த்தார். “இதுல ஆள் படுத்திருக்காங்களே?”

“அது எங்கம்மா” என்றான் எஜீடியோ.

“அவங்க பட்டியல்ல இல்லையே.”

“கட்டில் மட்டும் இருக்கட்டும் சார். அதை அடிச்சிடுங்க.”

“அடிக்க முடியாது. முத்திரை வெச்ச பட்டியல். எல்லாம் போகணும், இல்லன்னா எதுவும் போகக் கூடாது. புதுசா எழுதி மறுபடி முத்திரை வாங்குறதா இருந்தா வாங்குங்க. ஆனா உங்க ரயில் திங்கட்கிழமைதானே?”

ஒந்தீனா சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். காது மடல் சிவந்திருந்தது. ஜிசெல்லா தலையணையிலிருந்து தலையைத் தூக்கி மருமகளைப் பார்த்தாள்.

“அடியே, தலையணையையும் எழுதியிருக்கியா?”

“ஆமா அத்தை.”

“ரெண்டுமா?”

“ரெண்டும்.”

“போர்வை?”

ஒந்தீனா தலையைக் குனிந்துகொண்டாள்.

“நல்லவேளை, என் பல்லை எழுதாம விட்டே” என்றாள் கிழவி.

அதிகாரி மூக்கைச் சீந்துவதுபோல் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். சிரித்தாரா என்று தெரியவில்லை. நானும் எஜீடியோவும் கிழவியைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தோம். அந்த நாற்காலியும் பட்டியலில் இருந்தது. கடைசியில் சன்னல் திண்டில் உட்கார வைத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்று சாயந்தரம் மருத்துவமனையில் கழித்துப்போட்ட ஓர் இரும்புக் கட்டிலை நானும் ஒரு சிப்பந்தியும் மூன்று மாடி தூக்கிக்கொண்டு வந்தோம். கால் சரியில்லாத கட்டில். ஒரு காலுக்குக் கீழே செங்கல் வைத்தோம்.

திங்கட்கிழமை எஜீடியோ போனான். ஒந்தீனாவின் மேல்முறையீடும் தள்ளுபடி ஆயிற்று.

காலி வீட்டில் இரண்டு பெண்கள். ஒந்தீனாவுக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடும் வேலை வாங்கிக் கொடுத்தேன். அதுவரை அவள் வெளியே வேலைக்குப் போனதில்லை. ஒரே வருடத்தில் அந்தக் கூடத்துக்கு அவள்தான் எல்லாம். அறுவை சிகிச்சைத் துணிகளை அவள் மடித்து வைத்தால் மறுபடி பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. பேச்சும் கொஞ்சம் வந்தது. ஒருமுறை தலைமை மருத்துவரின் வெள்ளைக் கோட்டில் பொத்தான் இல்லையென்று அவர் சத்தம் போட, “நீங்க சாப்பிட்டுச் சாப்பிட்டுத் தெறிக்க விடுறீங்க, நான் தினம் தைக்கிறேன். நிறுத்த வேண்டியது யாருன்னு நீங்களே சொல்லுங்க” என்று கேட்டுவிட்டு இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள்.

எஜீடியோவிடமிருந்து மாதம் இரண்டு கடிதம். துரின் நகரில் ஒரு பழைய ராணுவக் குடியிருப்பில் அகதிகளை வைத்திருந்தார்கள். ஒரு கூடத்தில் பதினான்கு குடும்பம், கயிறு கட்டிப் போர்வை தொங்கவிட்டு அறை. பக்கத்துப் போர்வைக்குள் யார் தும்மினாலும் நல்லா இருங்க என்று பதினான்கு குடும்பமும் சொல்லுமாம். சாமான்களை வைக்க இடமில்லை. திரியஸ்தே துறைமுகத்தில் ஒரு கிடங்கில் போட்டுவைத்திருந்தார்கள். கட்டிலும் அங்கேதான்.

1951இல் இரண்டாவது முறை விண்ணப்பிக்க வாய்ப்பு வந்தது. ஒந்தீனா போட்டாள். டிசம்பரில் ஜிசெல்லாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்தது, வாய் கோணிற்று. ஜனவரியில் ஒந்தீனாவுக்கு அனுமதி வந்தது. மே மாதம் முடிவதற்குள் ஊரைவிட்டுப் போக வேண்டும். அதற்குமேல் அந்தத் தாள் செல்லாது.

அவள் அந்தத் தாளோடு என்னிடம் வந்தாள். சலவைக்கூடத்து வாசலில் நின்று கேட்டாள்.

“சிஸ்டர், அத்தைக்கு இன்னும் எவ்வளவு நாள்?”

“அப்படியெல்லாம் சொல்லக் கூடாது.”

“மத்தவங்களுக்குச் சொல்றீங்க. எனக்குச் சொல்லுங்க.”

நான் இருபத்தாறு வயதில் எல்லாம் தெரிந்தவள். நாடித் துடிப்பு, சிறுநீர், படுக்கைப் புண் எல்லாவற்றையும் மனதில் கூட்டிப் பார்த்தேன். “ஈஸ்டர் தாண்டாது” என்றேன். “வேணும்னா முதியோர் இல்லத்துல இடம் கேட்டுத் தர்றேன். நீ போகலாம்.”

“ஈஸ்டர் வரைக்கும்தானே? இருந்து பாத்துட்டே போறேன்.”

எஜீடியோவுக்கு எழுதினாள். அவன் சரி என்று பதில் போட்டான்.

ஈஸ்டருக்கு முந்தின வெள்ளிக்கிழமை நான் படியேறிப் போனபோது ஜிசெல்லா சமையலறையில் உட்கார்ந்து இடது கையால் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். தோல் தடிமனாகப் போயிற்று, ஆனாலும் சீவிக்கொண்டிருந்தாள்.

“என்ன பாக்குறே அக்கரைக்காரி? பொணம் கெழங்கு சீவுதேன்னா?” என்றாள். வாய் இன்னும் கோணலாகத்தான் இருந்தது. வார்த்தை தெளிவாக இருந்தது.

மே மாதம் முடிந்தது. தாள் செல்லாமல் போயிற்று. ஜிசெல்லா அதற்குப் பிறகு எட்டரை வருடம் இருந்தாள்.

இந்த எட்டரை வருடமும் எனக்கு ஒரு முள். ஒரு குடும்பத்தை என் வாயால் பிரித்துவிட்டேன் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு எந்த நோயாளியின் வீட்டிலும் நாள் குறித்துச் சொன்னதில்லை. ஒந்தீனாவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அவளும் ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசவில்லை.

1957இல் எஜீடியோ விசா வாங்கிக்கொண்டு கோடையில் இரண்டு வாரம் வந்தான். வெளிநாட்டவர் வந்தால் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் போலீசில் பதிய வேண்டும். ஒந்தீனாதான் படிவம் நிரப்பினாள். மருத்துவமனைக்கு வந்து எனக்குக் காட்டினாள். தங்கும் இடம் என்ற இடத்தில் அவன் பிறந்த வீட்டின் முகவரி. வந்த காரணம் என்ற இடத்தில் ‘சுற்றுலா.’

“மனைவியைப் பாக்க வந்தார்னு எழுதறதுதானே?” என்றேன்.

“எழுதினேன். போலீஸ் ஜன்னல்ல இருந்த ஆளு அடிச்சிட்டு இதை எழுதச் சொன்னாரு. மனைவின்னா நிறைய கேள்வி கேக்கணுமாம். சுற்றுலான்னா முத்திரை குத்தி அனுப்பிடலாமாம்.”

ஆண் யாரும் இல்லாமல் கிடந்த வீட்டில் எட்டு வருடம் கழித்து மகன் நுழைந்ததைப் பார்த்து ஜிசெல்லா சொன்ன முதல் வார்த்தை, “காலைத் துடைச்சிட்டு வா.” இரண்டாவது நாளிலிருந்து அவனுக்குப் பிடித்த பருப்புச் சூப்பை ஒந்தீனா செய்ய, கிழவி உப்புப் போதவில்லை என்று மூன்று வேளையும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் திரும்பிப் போன அன்று முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் கட்டு மாற்றியபோதுகூடத் திரும்பவில்லை.

1960 நவம்பரில் நிமோனியாவில் ஜிசெல்லா இறந்தாள். எண்பத்தாறு வயது. நான் பக்கத்தில் இருந்தேன். கடைசி மூன்று நாளும் பேச்சில்லை. எஜீடியோவுக்குத் தந்தி கொடுத்தோம். விசா கிடைத்து அவன் வந்து சேர்ந்தது அடக்கம் முடிந்து இரண்டு நாள் கழித்து.

அன்று மத்தியானம் சமையலறையில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். அவன் கல்லறையிலிருந்து வந்திருந்தான்; காலணியில் செம்மண். நான் கிளம்ப எழுந்தேன். ஒந்தீனா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

எஜீடியோ கேட்டான். “இனிமே இங்க உனக்கு யாரு இருக்கா? வர்றியா?”

அவள் மேசைவிரிப்பின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. எட்டரை வருடம் உள்ளே வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது.

“எஜீடியோ, அந்த வருஷமே அவ வந்திருப்பா. ஈஸ்டர் தாண்டாதுன்னு நான்தான் சொன்னேன். தப்பு என்னோடது.”

ஒந்தீனா என்னைத் திரும்பிப் பார்த்தாள். சின்னக் குழந்தை மருந்தைக் கொட்டிவிட்டால் பார்ப்போமே, அப்படி.

“சிஸ்டர், இத்தனை வருஷமா அதைத் தூக்கிட்டுத் திரிஞ்சீங்களா?” என்றாள். “அத்தை பிப்ரவரியிலேயே எழுந்து நடந்தாங்க. ஈஸ்டர் நெருங்குற வரைக்கும் நீங்க வர்ற செவ்வாய், வெள்ளி மட்டும் படுத்துக்குவாங்க. நான் இத்தாலிக்குப் போயிடுவேன்னு பயம். நான் பாத்தும் பாக்காத மாதிரி இருந்தேன்.”

எனக்குக் கோபம் வந்தது. எண்பது படிக்கு மேல் ஏறி வந்து ஓர் ஆரோக்கியமான கிழவிக்கு நான் முதுகில் பவுடர் போட்டிருக்கிறேன்.

எஜீடியோவின் முகம் வெளுத்துப் போயிற்று. “அப்படின்னா நீ ஏன் வரல?”

“உன் கடிதாசியைப் படிச்சேன். பதினாலு குடும்பம், ஒரு கூடம். நீ போர்வைக்குள்ள என்னை எங்க வெப்பே? இங்க எனக்கு வேலை இருந்துச்சு. முதல் தடவையா என் பேர்ல சம்பளம் வாங்கினேன். வரலைன்னு எழுத எனக்குத் தைரியம் இல்ல. நர்ஸ் ஈஸ்டர்னு சொன்னாங்கன்னு எழுதுறது சுலபமா இருந்துச்சு. தப்புதான். ஆனா முதல் தடவை எங்கப்பா பொறந்த ஊரைப் பாத்துட்டு இருன்னாங்க. ரெண்டாந்தடவை உங்கம்மா நாடியைப் பிடிச்சுப் பாத்துத் தேதி போட்டாங்க. எனக்கு என்ன வேணும்னு நீகூடக் கேக்கல. வா, வான்னு எழுதினே.”

“இப்ப கேக்குறேன்.”

“இப்ப கேளு.”

“என்ன வேணும்?”

அவள் விரல் விட்டு எண்ணினாள். “வீட்டுக்குக் கதவு இருக்கா?”

“ரெண்டு அறை, சமையல்கட்டு. கதவு இருக்கு. பூட்டும் இருக்கு.”

“கழிப்பறை?”

“உள்ளேயே.”

“கிட்டத்துல மருத்துவமனை ஏதாவது?”

“ட்ராமுல ஆறு நிறுத்தம். ஏன், உடம்பு சரியில்லையா?”

“அடப்பாவி, வேலைக்கு. நாப்பத்தெட்டு வயசுக்காரியை எடுப்பாங்களா?”

“தெரியல. கேட்டுச் சொல்றேன்.”

“கேட்டுச் சொல்லு. சொன்னப்புறம் யோசிக்கிறேன்.”

அவன் ஆத்திரப்படுவான் என்று எதிர்பார்த்தேன். எழுந்து சன்னல் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றான். தோள் குலுங்கிற்று. பிறகு வந்து உட்கார்ந்து, “சூப் இருக்கா?” என்று கேட்டான். இருந்தது. சாப்பிட்டான். உப்புப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஏப்ரலில் அவன் கடிதம் வந்தது. ஒரு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் நேரில் போய் விசாரித்திருந்தான். முதலில் ஆறு மாதம் சோதனை வேலை, பிறகு நிரந்தரம் பற்றிப் பேசலாம் என்றார்களாம். மேற்பார்வையாளரின் பெயர், வேலை நேரம், ட்ராம் எண் எல்லாம் எழுதியிருந்தான். ஒந்தீனா அதை இஸ்திரி மேசையில் வைத்து இரண்டு முறை படித்தாள். பிறகு மூன்று மாத முன்னறிவிப்புக் கொடுத்தாள். அந்த மூன்று மாதத்தில் சலவைக்கூடத்தில் இரண்டு பெண்களுக்கு மடிப்பு சொல்லிக்கொடுத்தாள். ஒருத்திக்கு வந்தது, இன்னொருத்திக்கு வரவேயில்லை. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்து, கிடைத்து, விசாவும் வாங்கினாள். ஆட்கள் கிளம்பிப் போவதைப் பார்த்துப் பார்த்துப் பழகிய ஊர், யாரும் அழவில்லை. எங்கே போகிறாய் என்று மளிகைக் கடைக்காரர் கேட்டதற்கு, “புருஷன்கிட்ட. பிடிக்கலைன்னா வேலைக்குப் போவேன், பிடிச்சாலும் வேலைக்குப் போவேன்” என்றாளாம்.

1961 செப்டம்பரில் மத்தியான ரயில். நான்தான் ஸ்டேஷனுக்குப் போனேன். ஒரு சூட்கேஸ், தோளில் ஒரு பை. நடைமேடையில் எல்லைக் காவலர் ஒருவர் பாஸ்போர்ட்டைப் புரட்டினார்.

“எத்தனை நாளுக்கு?”

“தெரியாது.”

“ஏதாவது ஒண்ணு சொல்லணும்மா.”

“ஆறு மாசம்னு போட்டுக்கங்க. சோதனைக்கு” என்றாள்.

அவர் வேலைக்கு என்று நினைத்துக்கொண்டு முத்திரை குத்தினார். அவள் வேலையைத்தான் சொன்னாளா, எஜீடியோவையும் சேர்த்துச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை. ரயிலில் ஏறி சன்னலைக் கீழே இறக்கி, என் சட்டைக் காலரைச் சரி செய்தாள். “இதை யாரு போட்டது? முனை மடங்கியிருக்கு” என்றாள். வண்டி கிளம்பிற்று. எனக்கு இரண்டு மணிக்கு டியூட்டி. நடந்து போனால் சரியாக இருக்கும் என்று பாலத்து வழியாகவே நடந்தேன்.